கம்பியின் உடைமையும் சொல்லின் உரிமையும்

அரசு பேச்சை அடக்காதிருந்தால் போதும், பேச்சு தானே உரிமை பெற்றுவிடும் என்பது ஒரு சிந்தனைப் பள்ளியின் துணிபு. காவல், நீதி, நாட்டின் பாதுகாப்பு ஆகிய மூன்றோடு அரசின் வேலை நின்றுவிட வேண்டும்; எஞ்சியவை அனைத்தும் உடைமையாளர்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு விடப்பட வேண்டும் என்று அப்பள்ளி வாதிடுகிறது. லிபர்டேரியனிசம் என அறியப்படும் இத்தனியுடைமைச் சுதந்திரவாதம், மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பிறந்த ஒன்றாயினும், இன்று நம் நாட்டு நாளிதழ்களின் தலையங்கங்களிலும் ஆட்சியாளர்களின் பேச்சிலும் ஏதோவோர் அளவில் கலந்துவிட்டது. தனியாரிடம் விட்டால் சுதந்திரம் பெருகும் என்ற சொல், விளக்கம் தேவையற்ற உண்மைபோல் வழங்குகிறது.

அரசு சுருங்கிய இடத்தில் தனியார் ஏகபோகம் வளர்ந்தால் அது பேச்சுரிமைக்குக் கேடாகாதா என்ற வினாவை இச்சிந்தனையாளர்கள் எதிர்கொள்ளாமல் இல்லை. அவர்கள் தரும் விடையின் மிக வலுவான வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதை மதுரை நகரின் முப்பதாண்டுக் கேபிள் வரலாற்றில் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காகித வணிகரின் வாதம்

1962இல் வெளிவந்த தமது முதலாளித்துவமும் சுதந்திரமும் என்னும் நூலின் முதல் இயலில் மில்ட்டன் ஃப்ரீட்மன் இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறார். ஒன்று, வின்ஸ்டன் சர்ச்சில் பற்றியது. 1930களில் ஹிட்லரின் ஜெர்மனியைக் குறித்துத் தம் நாட்டு மக்களை எச்சரிக்க விரும்பிய சர்ச்சிலுக்குப் பிரிட்டிஷ் வானொலியில் இடம் மறுக்கப்பட்டது. வானொலி அரசுசார் ஏகபோகமாக இருந்ததே காரணம் என்கிறார் ஃப்ரீட்மன். மற்றொன்று காகிதம் பற்றியது. சந்தைச் சமூகத்தில் காகிதம் விற்பவர், பொதுவுடைமைக் கட்சியின் நாளிதழுக்கும் பங்குச் சந்தை நாளிதழுக்கும் ஒரே மனத்தோடு விற்பார். அவருக்கு வேண்டியது விலை; வாங்குபவரின் கொள்கை அவருக்கு ஒரு பொருட்டன்று. ஆகவே ஆட்சியை எதிர்ப்பவனுக்கும் அச்சும் காகிதமும் கிடைத்துவிடும். பணமில்லாதவன் சில செல்வர்களை நம்பவைத்தால் போதும். மார்க்ஸுக்கு ஏங்கெல்ஸ் கிடைத்ததுபோல் அவனுக்கும் ஒருவர் கிடைப்பார்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சிறுபான்மையாக வாழும் எந்தச் சமூகத்தின் அனுபவமும் இதற்குச் சான்று பகரும். பெரும்பான்மையின் அன்பை நம்பி வாழ்வதினும், கொள்கை பாராத கடைக்காரரின் இலாப ஆசையை நம்பி வாழ்வது சில வேளைகளில் பாதுகாப்பானது.

ஃப்ரீட்மனைவிடத் தீவிரமானவர் மர்ரே ராத்பார்ட். பேச்சுரிமை என்று தனியே ஓர் உரிமையில்லை, இருப்பது உடைமையுரிமை மட்டுமே என்பது அவரது நிலை. ஒருவர் தமக்குச் சொந்தமான மேடையில் பேசலாம், வாடகைக்கு எடுத்த மேடையில் பேசலாம். பிறர் மேடையில் பேசும் உரிமை அவருக்கில்லை. மேடையின் சொந்தக்காரர் மறுப்பது அடக்குமுறையாகாது, அது அவரது உரிமை. எல்லா மேடைகளும் ஒருவருக்கே உரியவையாகிவிட்டால்? அப்படி ஆகாது, உயர்ந்த விலையும் மறுக்கப்பட்ட வாடிக்கையாளரும் புதிய போட்டியாளரை அழைத்துவருவர், அரசு கைகொடுத்தாலன்றி எந்த ஏகபோகமும் நெடுநாள் நிற்காது என்பது அவர்களின் மறுமொழி.

ஆக, வாதம் இரண்டு தூண்களின்மேல் நிற்கிறது. பேச்சைச் சுமந்து செல்லும் பொருளை விற்பவர் பேச்சில் அக்கறையற்றவர் என்பது ஒன்று. அவர் மறுத்தால் வேறொருவரிடம் செல்ல வழியுண்டு என்பது மற்றொன்று.

சிம்மக்கல்லில் காகிதம்

மதுரையின் சிம்மக்கல் பகுதி முதல் தூணுக்குச் சாட்சி சொல்லும் இடம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் இதையடுத்த தமிழ்ச் சங்கம் சாலையில் உள்ளது. அதன் இதழான செந்தமிழ் அடுத்த ஆண்டே வெளிவரத் தொடங்கியது. நாகூர் குலாம் காதிறு நாவலர் அச்சங்கத்தின் புலவர்களுள் ஒருவராய் மதிக்கப்பெற்றார். சி.பா. ஆதித்தனார் 1942இல் தினத்தந்தியைத் தொடங்கியதும் மதுரையில்தான். அன்று அச்சு எந்திரம் ஒன்றும் காகிதமும் வாங்க வல்லவர் எவரும் இதழ் நடத்த முனையலாம். பலர் முனைந்தனர், பெரும்பாலோர் நட்டப்பட்டனர். எனினும் அவர்களது வாயை எவரும் அடைக்கவில்லை. அவர்களை நிறுத்தியது கடன்.

தமிழ் முஸ்லிம் இதழியலின் வரலாறும் இத்தகையதே. பா. தாவூத்ஷாவின் தாருல் இஸ்லாம், சமூகத்துக்கு வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் வந்த எதிர்ப்புக்கிடையே வாழ்ந்தது. அதற்குக் காகிதம் விற்றவர் அதன் கருத்தை ஏற்றவராயிருக்க வேண்டிய தேவை எழவில்லை. அஞ்சல் துறையும் அவ்வாறே நடந்துகொண்டது. 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம், பதிவுபெற்ற செய்தித்தாள்களுக்குச் சலுகைக் கட்டணம் வகுத்தது; அக்கட்டணம் இதழின் எடையைப் பார்த்ததேயன்றிக் கொள்கையைப் பார்க்கவில்லை. ஆட்சி அஞ்சலை இடைமறித்த நிகழ்வுகள் உண்டு என்பதும் உண்மையே. ஆனால் அவை விதிவிலக்குகள்; விதி வேறாயிருந்தது.

இங்கு ஒரு செய்தியைக் குறித்துக்கொள்வது நல்லது. காகித வணிகர் தனியார்; அஞ்சல் துறையோ அரசின் ஏகபோகம். இருவரும் பேச்சுக்கு ஒரேவகையில் உதவினர். உடைமை யாருடையது என்பதில் வேறுபட்ட இவர்கள் ஒன்றில் ஒத்திருந்தனர்: காகித வணிகர் செய்தித்தாள் நடத்தவில்லை, அஞ்சல்காரரும் நடத்தவில்லை. ஃப்ரீட்மன் தமது எடுத்துக்காட்டின் வலிமை தனியுடைமையிலிருந்து வந்ததாகக் கருதினார். சுமப்பவரும் பேசுபவரும் வெவ்வேறாயிருந்ததே அவ்வலிமையின் ஊற்று என்பது என் கருத்து. காகித ஆலையின் முதலாளியே ஒரு நாளிதழின் முதலாளியுமாகி, ஊரில் வேறு ஆலையும் இல்லையென்றால், அந்த எடுத்துக்காட்டு என்னவாகும்? அவ்வினாவுக்கு ஃப்ரீட்மனின் இயலில் விடையில்லை. மதுரையின் தெருக்களில் உண்டு.

தெருவில் ஓடிய கம்பி

1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரை ஒட்டி இந்திய நகரங்களில் கேபிள் தொலைக்காட்சி பரவத் தொடங்கியது. அப்போது அதற்கென்று ஒரு சட்டமில்லை. 1994இல் ஓர் அவசரச் சட்டமும் அதன்பின் 1995இல் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமும் வரும்வரை, மொட்டை மாடியில் ஒரு டிஷ்ஷை நிறுத்தி, வீட்டுக்கு வீடு கம்பி இழுத்துச் சந்தா வசூலிக்க எவருக்கும் தடையிருக்கவில்லை. சுதந்திரவாதிகள் கற்பனையில் காணும் நிலைக்கு மிக நெருங்கிய ஒரு தொழில் இந்நாட்டில் உண்டென்றால் அது இதுவே. சிறு முதலுடைய இளைஞர்கள் இத்தொழிலால் வாழ்ந்தனர். தூர்தர்ஷன் என்ற அரசு ஏகபோகம் சில ஆண்டுகளிலேயே உடைந்தது. இதனைச் சுதந்திரவாதத்தின் வெற்றியாகச் சொன்னால் அதை மறுக்கக் காரணமில்லை.

அடுத்து நிகழ்ந்ததைத்தான் அக்கோட்பாடு எதிர்பார்க்கவில்லை. ஒரு தெருவில் இரண்டாவது கம்பி இழுப்பவர், முதலாமவர் செலவிட்ட அதே தொகையைச் செலவிட்டு, வாடிக்கையாளர்களில் பாதிப்பேரை மட்டுமே பெறுவார். எனவே தெருவுக்கு ஒருவர் என்ற நிலை இயல்பாகவே உருவாகிறது. அலைவரிசைகள் பெருகியபோது, அவற்றை வானிலிருந்து இறக்கிச் சிறு கேபிள்காரர்களுக்கு வழங்கும் பெரிய கட்டுப்பாட்டு அறைகள் தேவைப்பட்டன. அங்கும் அதே கணக்கே. தெருக்கள் சேர்ந்து நகரமாயின. நகரங்கள் சேர்ந்து மாநிலமாயின. 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் தொலைக்காட்சியின் குழுமத்தைச் சேர்ந்த சுமங்கலி கேபிள் விஷன், தமிழகத்தின் கேபிள் விநியோகத்தில் ஓங்கி நின்றது. 2005இல் அக்குழுமம் தினகரன் நாளிதழையும் வாங்கியது.

அலைவரிசையும் கம்பியும் ஒரே கையில் சேர்ந்த அந்நாளில், காகித வணிகரின் வாதம் தலைகீழாயிற்று. கம்பிக்காரருக்குப் பிற அலைவரிசைகள் வெறும் வாடிக்கையாளர்கள் அல்லர். அவை அவருடைய சொந்த அலைவரிசையின் போட்டியாளர்கள். போட்டி அலைவரிசையை முற்றாக மறுக்கவும் வேண்டியதில்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கடைசி எண்களில், படம் புள்ளிபுள்ளியாய்த் தெரியும் இடத்தில் வைத்துவிட்டால் போதும். பார்ப்பவர் அந்த அலைவரிசையே தரமற்றதென்று முடிவுகட்டுவார். தணிக்கை நிகழ்ந்ததென்று அறியாமலேயே தணிக்கைக்கு உள்ளாகும் மக்கள், அரசின் தடையாணையைக் கண்டவர்களைவிடக் கேடான நிலையில் உள்ளவர்கள். தடையாணை பேச்சுக்கு விளம்பரமாவதுண்டு. மங்கிய படத்துக்காக எவரும் ஊர்வலம் போவதில்லை.

இவ்விடத்தில் சுதந்திரவாதியின் வலுவான மறுப்பை முன்வைக்க வேண்டும். அக்குழுமம் சந்தையின் பிள்ளையா, அரசியலின் பிள்ளையா? அதன் நிறுவனரின் சகோதரர் 2004 முதல் 2007 வரை மத்தியில் தகவல்தொடர்புத் துறை அமைச்சராயிருந்தார். குடும்பமோ மாநிலத்தின் பெரிய கட்சித் தலைவருடைய குடும்பம். இது தனியார் ஏகபோகமன்று, அரசின் நிழலில் வளர்ந்தது என்பார் அவர். இதில் உண்மையுண்டு. ஆயினும் செய்தியைச் சுமக்கும் கம்பி, துணியோ பருப்போ போன்ற சரக்கன்று. அதன் உடைமையாளரை ஆட்சியாளர் தேடிவருவார், அல்லது உடைமையாளரே ஆட்சியைத் தேடிச் செல்வார். மக்களின் கண்ணும் காதும் எவர் கையிலோ அவரிடம் அரசியல் வந்துசேராமலிருக்கும் ஒரு நாட்டைக் கோட்பாட்டு நூல்களில் மட்டுமே காண முடியும். அரசும் சந்தையும் பிரிந்தே நிற்கும் என்ற முன்னெண்ணம் மிகவும் பலவீனமாயிருப்பது இந்தச் சரக்கின் விஷயத்தில்தான்.

அரசனே வணிகனானால்

2007 மே 9 அன்று, அடுத்த அரசியல் வாரிசு யார் என்பது பற்றிய கருத்துக்கணிப்பைத் தினகரன் வெளியிட்டது. அன்றே அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டுத் தீவைக்கப்பட்டது. மூவர் மாண்டனர். இருவர் கணினிப் பிரிவு ஊழியர், ஒருவர் காவலாளி. அந்தக் கணிப்பை வெளியிடுவதென்ற முடிவில் அவர்களுக்குப் பங்கில்லை. குடும்பப் பூசலிலும் அவர்களுக்கு இடமில்லை. 2009இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 மார்ச்சில் அத்தீர்ப்பை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஏகபோகத்தைக் கண்டிப்போர் இந்நாளை மறக்கலாகாது. ஏகபோகமுடைய நிறுவனத்துக்கும் பேச்சுரிமை உண்டு. அதன்மீது வீசப்படும் தீ, ஏகபோகத்துக்கான மருந்தாகாது. சொல்லின் விலையை அதன் உடைமையாளர்கள் கொடுப்பது அரிது என்பதும் அன்று புலப்பட்டது.

பூசலின் விளைவாக 2007 செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கியது. மதுரையில், மு.க. அழகிரியின் தரப்போடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட ராயல் கேபிள் விஷன் என்ற வலையமைப்பு எழுந்தது. கம்பிகள் வெட்டப்படுவதாக எதிர்த்தரப்பு புகார் கூறியது. ஒரு வலையமைப்பின் இடத்தில் மற்றொன்று அமர்ந்ததே நடந்தது. தெருவில் இரண்டு கம்பிகள் அருகருகே ஓடி, வீட்டுக்காரர் விரும்பியதைத் தெரிவு செய்யும் நிலை வரவில்லை. கோட்பாடு வாக்களித்த போட்டியாளர் வந்தார், போட்டி வரவில்லை.

தனியார் ஏகபோகத்துக்கு மாற்று அரசுடைமை என்று நினைப்போருக்கும் இதே வரலாறு பாடம் வைத்திருக்கிறது. 2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு கேபிள் வலையமைப்புகளைக் கையகப்படுத்தும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2007இல் கருணாநிதி அரசு அரசு கேபிள் டிவி கழகத்தை நிறுவியது. 2008 டிசம்பரில் குடும்பம் ஒன்றுசேர்ந்ததும் அக்கழகம் செயலிழந்தது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அதை மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மீண்டும் தொடங்கினார். தொடக்கத்தில் சன் குழுமத்தின் கட்டண அலைவரிசைகள் அதில் இடம்பெறவில்லை. பொதுத்துறை நிறுவனமொன்று ஒரு குடும்பத்தின் ஊடலிலும் கூடலிலும் எழுந்தும் படுத்தும் வந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. பிற்காலத்திலும், ஆட்சிக்கு உவப்பில்லாத செய்தி அலைவரிசைகள் பின்னெண்களுக்குத் தள்ளப்படுவதாக 2018இலும் அதற்குப் பின்னரும் புகார்கள் எழுந்தன. ஆட்சிகள் மாறின, புகாரின் வாசகம் மாறவில்லை. மாநில அரசுகள் ஒளிபரப்பு விநியோகத்தில் இறங்கலாகாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் பரிந்துரைத்தது பொருளற்றதன்று. எனினும் 2017இல் மத்திய அரசு அக்கழகத்துக்கு எண்ணிலக்க ஒளிபரப்பு உரிமம் வழங்கியது.

ஆட்சியாளர் வணிகத்தில் இறங்குவது குடிகளுக்குத் தீங்கும் கருவூலத்துக்கு இழப்புமாகும் என்று இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் ஓர் இயலையே எழுதினார். சாதாரண வணிகர் தம்முள் ஏறக்குறையச் சமமான முதலோடு போட்டியிடுகின்றனர்; அவர்களிடையே அரசன் வந்து அமர்ந்தால் சமநிலை குலைகிறது; அவன் விரும்பிய விலைக்கு வாங்கவும் விற்கவும் பிறர் கட்டாயப்படுத்தப்படுகின்றனர் என்பது அவர் கண்ட காரணம். இதைப் படிக்கும் சுதந்திரவாதி தம் முன்னோடியைக் கண்டதாய் மகிழ்வார். ஆனால் கேடு விளைவது, பிறரால் எதிர்க்க முடியாத வலிமை ஒரு கையில் சேர்வதனால் என்பதே இப்னு கல்தூனின் காரணத்தில் அடங்கிய உட்பொருள். அந்த வலிமை அரசனிடம் இருந்தாலும், அரசனை ஒத்த வணிகனிடம் இருந்தாலும், சிறு வணிகருக்கு நேர்வது ஒன்றே.

இரு வழக்குகள்

அப்படியாயின் அரசும் தனியாரும் ஒன்றேதானா? சட்டத்தின் கண்ணில் அல்ல. இரண்டு வழக்குகளை அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும்.

மலையாள அலைவரிசையான மீடியா ஒன்னின் உரிமத்தைப் புதுப்பிக்க, பாதுகாப்பு அனுமதி இல்லையென்ற காரணத்தைக் காட்டி 2022 ஜனவரியில் மத்திய அரசு மறுத்தது. காரணங்கள் முத்திரையிட்ட உறையில் நீதிமன்றத்துக்கு மட்டும் தரப்பட்டன. கேரள உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை ரத்துச் செய்தது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரித்தவுடன் நீதி பின்வாங்கிவிடாது என்பதையும், அரசின் கொள்கைகளை விமர்சிப்பது தடைக்குக் காரணமாகாது என்பதையும் நிலைநாட்டியது. இதே பாதுகாப்பு அனுமதிக் காரணத்தால் 2014இல் சுமங்கலியை நடத்திய கல் கேபிள்ஸ் நிறுவனத்தின் உரிமம் ரத்தானபோதும், சென்னை உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் காத்தது. அரசு வாயடைத்தால், அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவைக் கையில் ஏந்திச் செல்ல ஒரு வாயில் உண்டு.

மற்றொன்று பஞ்சாப் வழக்கு. அம்மாநிலக் கேபிள் விநியோகத்தில் மேலோங்கியிருந்த ஃபாஸ்ட்வே குழுமம், டே அண்ட் நைட் நியூஸ் என்ற செய்தி அலைவரிசையைத் தன் வலையமைப்பிலிருந்து நீக்கியது. 2012இல் இந்தியப் போட்டி ஆணையம் இதை மேலாதிக்கத் துஷ்பிரயோகமெனக் கண்டு எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014இல் அதை நீக்கியது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சந்தையில் நுழைய வழி மறுப்பது சட்டத்தின்கீழ் துஷ்பிரயோகமாகும் என்ற கொள்கையை ஏற்றது. ஆயினும் குறைந்த பார்வையாளர் எண்ணிக்கை என்ற வணிகக் காரணத்தை ஏற்று, அபராதத்தைத் திரும்பக் கொணரவில்லை.

இரண்டாம் வழக்கு முழுவதும் சந்தை, மேலாதிக்கம், தரப்புள்ளி என்ற சொற்களிலேயே நடந்தது. பேச்சு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஒரு மாநிலத்து மக்கள் ஒரு செய்தியைக் கேட்பரா என்ற வினா, வணிகத் தகராறாகச் சுருங்கியது. பார்வையாளர் குறைவு என்ற காரணத்திலும் ஒரு சுழல் உண்டு. பார்க்க முடியாத இடத்தில் வைக்கப்படக்கூடிய அலைவரிசைக்குப் பார்வையாளர் குறைவதை அதன் தகுதிக்குறைவாக எங்ஙனம் கொள்வது? சுதந்திரவாதி அஞ்சும் அரசிடமிருந்து நமக்குச் சட்டக் காப்புண்டு. அவர் நம்பும் உடைமையாளரிடமிருந்து நமக்குள்ள காப்பு மெலிந்தது. 2023இல் கௌசல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை, 19ஆம் பிரிவின் உரிமைகளை அரசல்லாதோர்மீதும் வலியுறுத்தலாம் எனக் கூறியது. அது திறந்த கதவு. அதற்கப்பால் பாதை இன்னும் போடப்படவில்லை.

நம் நீதிமன்றங்கள் இச்சிக்கலை அறியாதவையல்ல. 1972இல் பென்னட் கோல்மன் வழக்கில், பெரிய நாளிதழ்களின் ஏகபோகத்தைத் தடுப்பதாகச் சொல்லி அரசு விதித்த பக்க வரம்பைப் பெரும்பான்மை நீதிபதிகள் செல்லாதென்றனர். அது சரியான தீர்ப்பே. பக்கங்களை எண்ணும் அதிகாரம் பெற்ற அரசு, நாளை வரிகளையும் எண்ணும். ஆனால் தனித்து மாறுபட்ட நீதிபதி கே.கே. மாத்யூ எழுப்பிய வினா தோற்கவில்லை: பேசுவோனின் உரிமை மட்டும் போதுமா, பலதரப்புச் செய்தியையும் அறியும் வாசகனின் உரிமை எங்கே? 1995இல் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் அவ்வினா பெரும்பான்மைக் குரலாயிற்று. வானலைகள் பொதுச் சொத்து. அவற்றில் அரசின் ஏகபோகம் எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு தனியாரின் ஏகபோகமும் என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினர்.

தொழில்நுட்பம் விடுவிக்குமா?

இன்னொரு மறுப்பும் உண்டு. கம்பியின் ஏகபோகத்தை வானம் உடைத்தது என்பார் சுதந்திரவாதி. 2006க்குப் பின் வீட்டுக்கு வீடு டி.டி.எச். வந்தது, பிறகு இணையம் வந்தது, இன்று சிம்மக்கல்லின் பழக்கடைக்காரரும் கைப்பேசியிலேயே செய்தி பார்க்கிறார், கேபிளைப் பற்றிக் கவலைப்படுவது பழங்கதை என்பது அவர் வாதம். இம்மறுப்பில் பாதி உண்மை. ஒரு வாசல் திறந்தது; ஆனால் வாசற்காவலர் தொழில் மறையவில்லை. 2018 அக்டோபரில் ரிலையன்ஸ் நிறுவனம் நாட்டின் பெரிய கேபிள் நிறுவனங்களான டென், ஹாத்வே இரண்டிலும் கட்டுப்பாட்டுப் பங்குகளை வாங்குவதாக அறிவித்தது. 2024 நவம்பரில் அதன் ஊடகப் பிரிவும் ஸ்டார் இந்தியாவும் ஒன்றாயின. கைப்பேசி வலையமைப்பு, கேபிள், அலைவரிசை, ஓடிடி தளம் ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் வந்தன. மதுரைத் தெருவில் கண்ட இணைப்பு இப்போது நாடளாவியது.

இணையத்தில் நமக்கு மிஞ்சியிருக்கும் சுதந்திரத்தின் ஒரு பகுதியும் சந்தை தானே ஈந்ததன்று. சில தளங்களை மட்டும் இலவசமாய்த் தரும் ஃபேஸ்புக்கின் திட்டம் வந்தபோது, தரவின் உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் வாங்கலாகாது என்று டிராய் 2016 பிப்ரவரியில் விதித்தது. சுமப்பவர் சுமையைப் பார்த்து விலை சொல்லலாகாது என்ற பழைய அஞ்சல் நெறியே அது. 2017இல் கேபிளுக்கும் அத்தகைய விதி வந்தது: தன்னிடம் இடமிருக்கும்வரை, கேட்கும் அலைவரிசையைப் பாகுபாடின்றி ஏற்றிச் செல்ல வேண்டும். விதி நன்று. அதன் பயன், எந்த எண்ணில், எந்த வரிசையில் என்பதையும் கண்காணிப்போர் கையில் உள்ளது.

வெளியேற முடியாத இடங்கள்

சுதந்திரவாதத்தின் எல்லா விடைகளும் இறுதியில் ஒரு சொல்லில் வந்து முடிகின்றன: வெளியேறு. பிடிக்காத கடையை விட்டு வேறு கடைக்குச் செல். பிடிக்காத ஊரை விட்டு வேறு ஊருக்குச் செல். வெளியேற இடமில்லாதபோது இவ்விடை பொருளிழக்கிறது. 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை உணர்ந்தது. அலபாமா மாநிலத்தின் சிக்கசா, கப்பல் கட்டும் நிறுவனமொன்றுக்குச் சொந்தமான ஊர். அதன் தெருவில் நின்று தம் சமயப் பிரசுரத்தை வழங்கிய கிரேஸ் மார்ஷ் என்ற பெண்மணி, பிறர் நிலத்தில் அத்துமீறியதாகத் தண்டிக்கப்பட்டார். ஊரே ஒருவரின் உடைமையானாலும் அதன் தெரு தெருவே. அங்கே நடப்போரின் பேச்சுரிமை உடைமையாளரின் விருப்பத்துக்கு உட்பட்டதன்று என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிற்கால அமெரிக்கத் தீர்ப்புகள் அக்கொள்கையைக் குறுக்கின. எனினும் சிறுபான்மைச் சமயத்தவர் ஒருவரின் உரிமை, உடைமையின் வாசலில் காக்கப்பட்ட அந்நிகழ்வு நம் சிந்தனைக்குரியது.

நம் வீட்டுக்குள்ளும் இதே அளவுகோலைக் கொண்டுவர வேண்டும். ஜமாஅத் என்பது அரசன்று. தாமே விரும்பிக் கூடிய மக்களின் அமைப்பு. சுதந்திரவாதியின் கண்ணில், வேண்டாதவரை விலக்கி வைப்பது அதன் உரிமை. ஆனால் மஹல்லாவின் திருமணப் பதிவேடும் கப்ருஸ்தானும் அதனிடம் மட்டுமே இருக்கையில், விலக்கப்பட்டவர் எங்கே போவார்? தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் தாம் எழுதிய ஒரு கட்டுரைக்காக 2007இல் ஊர்விலக்கம் செய்யப்பட்டபோது, அக்கட்டுரையை ஏற்பதா மறுப்பதா என்பது ஒரு கேள்வி. அதை மறுப்பவர் பேனாவால் மறுத்திருக்கலாம். மறுமொழிக்குப் பதிலாக வாசலை அடைப்பது, கேபிள்காரர் எண்ணை மாற்றுவதைப் போன்றதொரு செயல். பிறரது ஏகபோகத்தில் நமக்குத் தெரியும் குறை, நமது ஏகபோகத்தில் தெரியாமற்போகலாகாது.

நமக்கென ஒரு தொலைக்காட்சி வேண்டும் என்ற குரல் நெடுங்காலமாய் நம்மிடையே ஒலிக்கிறது. ரமழானில் ஸஹர் நேரத்தை விலைக்கு வாங்கிப் பேசும் வாடகை வாழ்வு போதுமா என்பது நியாயமான ஆதங்கம். ஆனால் சொந்த அலைவரிசை இருந்தும், அதைச் சுமக்கும் கம்பி மறுத்தால் என்ன பயன்? மீடியா ஒன்னை அரசு தடுத்தபோது நீதிமன்றம் இருந்தது. நாளை ஒரு கம்பிக்காரர் அத்தகைய ஓர் அலைவரிசையை ஓசையின்றிக் கடைசி எண்ணுக்குத் தள்ளினால், பார்வையாளர் குறைவு என்ற விடையே கிடைக்கும். ஆகவே அலைவரிசைக்குச் செலவிடும் ஆர்வத்தில் ஒரு பங்கையேனும், சுமப்பவர் நடுநிலை காக்க வேண்டும் என்ற விதிக்கு நாம் செலவிட வேண்டும். அவ்விதி நமக்கு மட்டுமன்று, நம்மை ஏசுவோருக்கும் பயன்படும். அப்படிப் பயன்படாத விதி நம்மையும் காக்காது.

ஃப்ரீட்மனிடம் கற்க வேண்டியதைக் கற்றுக்கொள்வோம். பேச்சின் சாவியை அரசிடம் தராதே என்ற அவரது எச்சரிக்கை, தமிழகத்தின் அரசு கேபிள் அனுபவத்தாலேயே மெய்ப்பிக்கப்பட்டது. அவர் சொல்லாமல் விட்டதையும் அதனோடு சேர்க்க வேண்டும். சாவியைத் தனியார் ஒருவரிடம் தந்தாலும் பூட்டு பூட்டே. சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தின் நாளிதழ் மேசையில், ஒன்றையொன்று ஏசும் இதழ்கள் அருகருகே கிடக்கின்றன. எந்த இதழை வாங்குவதென்ற சச்சரவு நூலகங்களிலும் எழுவதுண்டு. ஆயினும் அம்மேசைக்குச் சொந்தமாக ஒரு நாளிதழ் இல்லை. கம்பிக்கும் அலைக்கற்றைக்கும் தரவுக்கும் அத்தகையதொரு மேசையின் இயல்பை வழங்கும் சட்டமே நாம் கோர வேண்டியது. அதன் உடைமையாளர் அரசா தனியாரா என்பது அதற்கு அடுத்த கேள்வி.